தத்துவ போதக சுவாமி

ரோமாபுரியில் 1577-ல் பிறந்த இராபர்ட் தெ நொபிலி, சேசு சபைக் குருவாகி 1606-ல் மதுரை வந்து சேர்ந்தார். அக்காலத்தில் சத்திய வேதத்தில் சேர்வதென்றால் பறங்கிக் குலத்தில் சேர்வதென்றே அவ்வூர் ஜனங்கள் எண்ணியிருந்தனர். சுவாமி காவி தரித்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். கோயில், பூசை, அருள் என்னும் நாட்டுச் சொற்களாலேயே ஞானம் போதித்தார். உடனிருந்த குருவே அவர்மேல் குற்றஞ்சாட்டினார். பல்லாண்டு விசாரணைக்குப்பின் 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர் முறையை அனுமதித்தார். அவ்வாண்டே சுவாமி சேலம் பக்கமும் போதிக்கப் புறப்பட்டார். சாதி வரம்புகளை அவர் ஏற்று நடந்தது மட்டும் பிற்காலத்தாருக்குப் பெரும் பாரமாயிற்று. கண்ணொளி மங்கி, 1656-ல் மயிலாப்பூரில் மரித்தார். கருமத்தம்பட்டிக் கோயிலில் பூசைக்கு மணியடிக்கையில், அச்சொல்லுக்காகப் பாடுபட்டவரையும் நினைப்போமாக.