ஹாப்கின் பண்டிதர் சரிதம்

வாந்திபேதியும் பிளேக்கும் ஊரூராய்ப் புகுந்து, விளக்கேற்றவும் ஆளில்லாத வீடுகளை விட்டுச் சென்ற காலத்தைப்பற்றி நம் குடும்பத்துப் பெரியோர் வாயிலாகக் கேட்டோர் பலர். அவ்விரு நோய்களையும் எதிர்க்க இத்தேசத்திற்கு ஊசிமருந்து கொணர்ந்த வால்டெமார் ஹாப்கின் என்பாரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி எழுதலானோம்.

இவர் 1860-ஆம் ஆண்டு ருஷிய சாம்ராஜ்யத்தின் ஒடெஸ்ஸா நகரில் யூத குடும்பத்தில் தோன்றினார். மெட்ச்னிகாப் என்னும் பேரறிஞரிடம் பயின்று தேர்ந்தும், சமயம் மாற உடன்படாமையால் அங்கே உயர்பதவி கிட்டவில்லை. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் முதலில் இவருக்கு வாய்த்தது நூலகத்து உதவியாளர் வேலையே. ஓய்வு நேரத்தில் வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்து, ஊசிமருந்தொன்று கண்டார். அதனை 1892-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் கண்டது, பிழைத்தார்.

1893-இல் கல்கத்தா வந்தார். இரண்டாண்டில் ஏறத்தாழ 42,000 பேருக்கு ஊசியிட்டார். 1894-இல் கல்கத்தாவின் குடிசைப்பகுதி ஒன்றில், சற்றேறக்குறைய 200 பேருள் 116 பேர் இசைந்து ஊசியிட்டுக்கொண்டனர். பின்னர் அங்கே பேதி கண்டோர் 10 பேர். மாண்டோர் 7 பேர். அவர் அனைவரும் ஊசியிட்டுக்கொள்ளாதவரே.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவவே, அரசாங்கத்தார் இவரை ஆங்கு அனுப்பினர். வைத்தியக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும், ஒரு குமாஸ்தாவும் மூன்று சேவகரும் இவருக்கு அளிக்கப்பட்டன. இவர் கையாண்ட முறை நம்மவர்க்குச் சுவை தருவதாகும். இறைச்சிச் சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டுக் கிருமியை வளர்த்தார். அஃது நெய்யினின்று விழுதுபோல் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தது. பின்னர் அதனைச் சூட்டினால் கொன்று மருந்தாக்கினார். இந்துக்களும் முஸ்லிம்களும் மனங்கோணாதிருக்கவேண்டி ஆட்டிறைச்சியையே கொண்டார். பிறர் ஆசாரத்தை இவ்வளவு கருதிய அயல்நாட்டாரை நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை. மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. 1897 ஜனவரி 10-ஆம் நாள் மறுபடியும் தம்மீதே முதலிற் சோதித்தார். அதன்பின்னரே பைகுல்லாச் சிறையில் விரும்பினோர்க்கு இட்டார்.

இத்தகையாரை வீழ்த்தியது ஒரே ஒரு புட்டி. 1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபிலுள்ள முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசியிட்டனர். அவருள் ஒரு புட்டியின் மருந்தைப் பெற்ற 19 பேரும் தனுர்வாதத்தால் மாண்டனர். அக்குடும்பங்களின் துயரம் சிறிதன்று. அதனைக் குறைத்துச் சொல்லுதல் அறமாகாது. ஆயினும் பழி யாருடையது? மருந்தில் முன்பு கார்பாலிக் அமிலம் சேர்த்துவந்தனர். ஹாப்கின் புதுமுறையில் அதனை நீக்கிச் சூட்டையே நம்பியிருந்தார். விசாரணைக் குழுவினர் இதனைப் பற்றிக்கொண்டு, பம்பாயிலேயே புட்டி கெட்டதென்று தீர்த்தனர். கிராமத்தில் அப்புட்டியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்ததென்பதும், அதனைச் செவ்வையாகத் தூய்மை செய்யாமலே பயன்படுத்தினரென்பதும் சாட்சியத்தில் இருந்தன. அவை ஏறவில்லை. ஹாப்கின் பதவியிழந்தார், சாட்சியம் முழுதும் வெளியிடப்படுமுன் ஆண்டுகள் சென்றன. தீர்ப்பை விரைந்து கூறி ஆதாரத்தைத் தாமதித்து வெளியிட்டது முறையன்று என்றே கருதுகின்றோம்.

மலேரியாக் கொசுவின் தன்மையைக் கண்ட ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் 1907-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் இவருக்காக வாதாடினர். அவ்வாண்டிலேயே குற்றம் நீங்கி, மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டார். ஆனால் பம்பாய் ஆய்வுக்கூடத்துத் தலைமை வேறொருவரிடம் போயிற்று. கல்கத்தாவில் அமர்ந்து, 1914-இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். மணம் செய்துகொள்ளவில்லை, தம் செல்வத்தை யூத சமயப் பாடசாலைகளுக்கென விட்டுச் சென்றார்.

1925-இல் பம்பாய் ஆய்வுக்கூடத்திற்கு ஹாப்கின் நிலையம் எனப் பெயரிட்டனர். அதன்பின் ஐந்தாண்டு வாழ்ந்து, 1930 அக்டோபர் 26-ஆம் நாள் சுவிட்ஸர்லாந்து தேசத்து லோஸான் நகரில் காலமானார். பரேல் பகுதியில் அந்நிலையம் இன்றும் அப்பெயரோடே விளங்குகின்றது.