விண்ணுக்கு அளவுகோல் தந்தவர்

விண்மீன்களின் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தேடியபோதுதான் ஹென்ரியட்டா லெவிட் அம்மையாரை அறிந்தேன். 1868இல் அமெரிக்காவில் பிறந்த அவர், செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். ஹார்வர்டு வானாய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் ஊதியத்தில் புகைப்படத் தகடுகளை ஆராய்ந்தார். ஒளி கூடிக் குறையும் 25 விண்மீன்களை ஒப்பிட்டு, அம்மாற்றத்தின் கால அளவு நீள நீள விண்மீனின் உண்மை ஒளியும் மிகும் எனக் கண்டார். உண்மை ஒளி தெரிந்தால் தூரத்தைக் கணித்துவிடலாம்!

1912இல் அம்முடிவு இயக்குநர் பிக்கரிங் பெயரில் வெளிவந்தது. அம்மையார் 1921இல் மறைந்தார். அவர் மறைந்ததை அறியாமல், நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பி 1925இல் சுவீடன் அறிஞர் ஒருவர் மடல் அனுப்பினார்.

பிரபஞ்சம் விரியும் வேகத்தை அறிய, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் அவ்வகை விண்மீன்களையே அளக்கிறது. பரிசு கிட்டவில்லை, அவர் தந்த அளவுகோல் நிலைத்துவிட்டது.