சத்யேந்திரநாத் போஸும் இரண்டு காசும்



பூவா தலையா போட்டால் எனக்கும் தங்கச்சிக்கும் சண்டைதான். காசைச் சுண்டி உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். எனக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளோ விரல் இடுக்கில் பார்த்துவிடுவாள், அவளுக்கு வாய்ப்பு என்ற பேச்சே இல்லை. அப்படியானால் வாய்ப்பு காசில் இல்லை, எனக்குத் தெரியாததில்தான் இருக்கு என்று நினைத்திருந்தேன். விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸைப் பற்றிப் படித்ததும் அந்த நினைப்பு ஆட்டம் கண்டுபோச்சு.

அவர் 1894 ஜனவரி 1 அன்று கல்கத்தாவில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. படிப்பில் கெட்டிக்காரர். 1921-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

கொல்லுப்பட்டறையில் இரும்பு காய்ந்தால் முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும் இல்லையா? எந்தச் சூட்டில் எந்த நிற ஒளி எவ்வளவு வரும் என்பதற்கு ஜெர்மனி நாட்டு பிளாங்க் 1900-ல் சூத்திரம் தந்தார். அதற்கு அவர் காட்டிய வழி போஸுக்குத் திருப்தியில்லை. ஒளியைத் துகள்களாக வைத்து, அவை எத்தனை விதமாக அமையலாம் என்று எண்ணினார். எண்ணிய முறைதான் புதுசு.

இரண்டு காசைச் சுண்டுங்கள். இரண்டும் பூ, இரண்டும் தலை, ஒன்று பூ ஒன்று தலை. கடைசியது மட்டும் இரண்டு வழியில் வரும், அதனால் அதற்குப் பாதி வாய்ப்பு. ஒளித்துகளில் 'இந்தத் துகள்', 'அந்தத் துகள்' என்பதே கிடையாது. மாறி விழுந்தாலும் ஒரே வழிதான். ஆகவே மூன்றும் சமம், மூன்றில் ஒரு பங்கு! இப்படி எண்ணினால் பிளாங்க் சூத்திரம் அப்படியே வருகிறது. காசு மாதிரி எண்ணினால் சோதனையோடு ஒத்துவரவில்லை.

நமக்கு அடையாளம் தெரியாததால்தான் அப்படியா? நானும் தங்கச்சியும் ஒரே மாதிரி இரண்டு புதுக் காசை நூறு தடவை சுண்டினோம். எது எதுன்னு எங்களுக்கே தெரியாது. அப்பவும் ஏறக்குறைய பாதிதான் வந்தது. எங்களுக்குத் தெரியலைங்கறதுக்காக காசு கணக்கை மாத்திக்கல. அப்போ அந்த மூன்றில் ஒரு பங்கு ஒளியிலேயே இருப்பது!

இதை முதலில் இங்கிலாந்துப் பத்திரிகை வெளியிடவில்லை. 1924 ஜூன் 4 அன்று ஐன்ஸ்டீனுக்கே கடிதத்தோடு அனுப்பினார். முன்பின் பழக்கமில்லாதவர், முனைவர் பட்டமும் இல்லாதவர். ஐன்ஸ்டீனோ தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். சில வாயு அணுக்களும் கடுங்குளிரில் ஒரே நிலையில் போய்ச் சேரும் என்று பிறகு கணக்கிட்டார்.

போஸ் எஸ்ராஜ் நன்றாக வாசிப்பாராம். தாய்மொழியில் அறிவியல் பரவ 1948-ல் வங்காளத்தில் ஒரு சங்கம் தொடங்கினார் (தமிழில் படிக்கும் எனக்கு இது ரொம்பப் பிடித்தது). 1954-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. நோபல் பரிசு கிடைக்கவே இல்லை. போசான் என்ற துகள் பெயர் அவர் பேரில் வந்ததுதான்.

1974 பிப்ரவரி 4 அன்று காலமானார். 1995-ல் அமெரிக்காவில் ருபீடியம் வாயுவைக் கடுமையாகக் குளிர்வித்தார்கள். ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே நிலையில் போய்ச் சேர்ந்தன.