மறைபொருள் துலக்கிய மாமேதை அலன் ரியூறிங்

வாழுங் காலத்திலேயே புகழெய்துவோர் சிலர்; மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னரே உலகத்தாரால் அறியப்படுவோர் சிலர். போர்க்களம் புகாமலே பெரும்போர் ஒன்றின் போக்கை மாற்ற உதவியவரும், இன்றைய கணினிக்குக் கருத்தளவில் வித்திட்டவருமாகிய அலன் ரியூறிங் இரண்டாம் வகையினர். அவர்தம் வரலாற்றை மாணவர்க்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் பயன்படுமாறு ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

ரியூறிங் 1912ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் இந்திய சிவில் சேவை உத்தியோகத்தர். தாயார் கோயம்புத்தூரையடுத்த போத்தனூரிற் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவில் வாழ்ந்தமையால், பிள்ளை இங்கிலாந்திலே பிறர் பராமரிப்பில் வளர நேர்ந்தது. 1926இல் சேர்போன் பாடசாலையிற் சேரச் சென்ற வேளை, பொது வேலைநிறுத்தத்தாற் புகைவண்டிகள் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவர் தம் சைக்கிளில் 60 மைலுக்கு மேல் தனியே மிதித்து, இடையில் ஒரு விடுதியில் இராத்தங்கிப் பாடசாலையை அடைந்தார்.

அத்துணை ஆர்வத்தோடு வந்த மாணவரை ஆசிரியர்கள் போற்றினார்களல்லர். கையெழுத்து அழகன்று, பண்டை மொழிப் பாடங்களிற் கருத்தில்லை, விஞ்ஞானத்தை மட்டும் நாடுவாராயின் அங்குப் பயில்வது காலவிரயமே என்பது தலைமையாசிரியர் கருத்து. இதனைப் படித்தபோது, கையெழுத்துக்காகவே புள்ளி குறைத்த கட்டுரைகள் எத்தனை என யாமும் எண்ணிப் பார்த்தோம். 1930இல் உயிர்த்தோழர் கிறிஸ்தோபர் மோர்கொம் காலமானார். அறிவுத்துறையில் அவரோடு தொடங்கிய முயற்சியைக் கைவிடாது தொடர்தல் தம் கடன் என ரியூறிங் உறுதி பூண்டார்.

1931இல் கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 22 வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளர் பதவி பெற்றார். 1936இல் ஒரு கட்டுரையில் கற்பனைப் பொறியொன்றை விளக்கினார். கட்டங்கள் வகுத்த முடிவிலா நாடாவில் ஒரு குறியீட்டைப் படிக்கும். விதிப்படி அழிக்கும் அல்லது எழுதும். அடுத்த கட்டத்துக்கு நகரும். தக்க விதிகளை நாடாவிலேயே எழுதிக் கொடுப்பின், ஒரே பொறி ஏனைய பொறிகள் அனைத்தின் தொழிலையும் ஆற்றும். இன்றைய கணினியின் அடிப்படை இதுவேயாம்.

1939 செப்ரெம்பர் 3ஆந் திகதி பிரித்தானியா போர்ப்பிரகடனஞ் செய்தது. மறுநாளே அவர் பிளெச்லி பார்க் என்னும் இரகசிய நிலையத்தை அடைந்தார். ஜேர்மானியரின் எனிக்மா இயந்திரத்தை அமைக்கும் வழிகள் ஏறக்குறைய 159 மில்லியன் மில்லியன் மில்லியன். அவ்வமைப்பும் நாடோறும் மாறும். போலந்து நாட்டுக் கணித வல்லுநர் முன்னரே கண்ட வழிகளை 1939 யூலையில் நேசநாட்டினர்க்கு வழங்கியிருந்தனர். எனிக்மாவில் எவ்வெழுத்தும் தானாகவே மாறி வருவதில்லை. இக்குறையையும், வானிலை அறிக்கை போன்றவற்றில் வரக்கூடிய சொற்களையும் துணைக்கொண்டு, பொருந்தா அமைப்புக்களை விரைந்து தள்ளும் பொம்ப் என்னும் பொறியை ரியூறிங் வகுத்தார். கோடன் வெல்ச்மன் அதனைச் செம்மைப்படுத்தினார். நீர்மூழ்கிகளின் செய்திகள் வெளிப்படவே, உணவேற்றி வந்த கப்பல்கள் பல தப்பின. வேறொரு மறைகுறிக்காகக் கொலோசஸ் என்னும் மின்னணுப் பொறியை அமைத்தவர் தபாற்றிணைக்களப் பொறியியலாளர் ரொமி பிளவேர்ஸ் ஆவார். அது ரியூறிங்கின் ஆக்கமன்று.

போரின் பின் கணினி அமைப்புத் திட்டம் வரைந்தார். 1948இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகஞ் சேர்ந்தார். பொறி சிந்திக்குமோ என்னும் வினாவை 1950இல் ஆராய்ந்தார். 1951இல் றோயல் சங்கத்து உறுப்பினரானார்.

இத்தகையாரை நாடு நடத்திய விதம் நெஞ்சை வருத்துவது. ஓர் ஆடவரோடு கொண்ட உறவு அக்காலச் சட்டப்படி குற்றமாகையால், 1952இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. சிறைக்கு மாற்றாக ஓமோன் மருந்தேற்றத்துக்கு உடன்பட்டார். இரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோயிற்று. 1954 யூன் 7ஆந் திகதி, 41 வயதில், நஞ்சினால் உயிர் நீத்தார். தற்கொலையென மரண விசாரணை முடிவாயிற்று. போர்ப்பணி இரகசியமாதலின், அவர் செய்த நன்மையை எடுத்துரைக்க எவராலும் இயலவில்லை. 1970களிலேதான் அம்மறை வெளிப்பட்டது. 2009இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021இல் அவர் உருவம் 50 பவுண் நாணயத்தாளில் இடம்பெற்றது. இவற்றுளொன்றையும் அவர் காணவில்லை.

மாணவ மணிகளே, பிறர் மதியாமை கண்டு முயற்சியை விடாதீர்கள். எம் சக ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, நம் வகுப்பறைகளின் கடைசி வாங்கிலும் இத்தகையார் ஒருவர் இருத்தல் கூடும். அவரைக் காலந்தாழ்த்தாது கண்டுகொள்ளுதல் நம் கடனாகும்.