பழைய கணக்கு

அரியர்ஸ் விழுந்தா அடுத்த ஏப்ரல்ல எழுதிக்கலாம். வாழ்க்கையில் செய்துவிட்ட பாவத்துக்கு என்ன வழி? ஜான் நியூட்டனின் கதையைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

1725-ல் லண்டனில் பிறந்தவர். பதினோரு வயதிலேயே கடலுக்குப் போனவர். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் பெரும் புயல். கப்பலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மணிக்கணக்கில் பம்ப் அடித்து ஓய்ந்தபோது, அதுவரை தான் கேலி செய்த கடவுளிடம் மனம் திரும்பியது. கப்பல் தப்பியது.

ஆள் உடனே மாறிவிட்டார்னு நினைக்காதீங்க. அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார்! ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியில் பூட்டி ஏற்றிச் சென்றார். 1754-ல் உடல்நலம் கெட்டுக் கடல் தொழிலை விட்டார். 1764-ல் ஓல்னி என்ற ஊரில் பாதிரியார் ஆனார். உலகமே பாடும் 'அமேசிங் கிரேஸ்' அவர் எழுதிய பாட்டுத்தான்.

இயேசு மன்னித்துவிட்டார் என்று சும்மா இருந்தாரா? கப்பலை விட்டு 34 வருஷம் கழித்து, 1788-ல், தான் கண்டதையும் செய்ததையும் மறைக்காமல் ஒரு சிறு நூலாக எழுதினார். பாராளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். இளம் எம்.பி. வில்பர்ஃபோர்ஸுக்குத் துணை நின்றார். 1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், 82 வயதில், நியூட்டன் கண் மூடினார்.

மன்னிக்கப்பட்டோம் என்ற விசுவாசம்தான் செய்ததை ஊரறியச் சொல்லும் தைரியத்தை அவருக்குக் கொடுத்தது என்பேன். குற்ற உணர்ச்சியிலேயே ஒடுங்கிக் கிடந்திருந்தால் அது நடந்திருக்குமா? யோசிச்சுப் பாருங்க தோழர்களே!