சிரிக்க வைத்தவர், சிந்திக்க வைத்தவர்

நம் குடியிருப்பில் பிள்ளைகள் சார்லி சாப்ளின் படத்தைப் போனில் பார்த்துச் சிரிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1921-ல் வந்த 'தி கிட்' பேசாத படம். ஓர் ஏழை, அநாதைக் குழந்தையை எடுத்து வளர்க்கிறான். விழுந்து எழுந்து சிரிக்க வைக்கும் அதே ஆள், குழந்தையைப் பிரிக்க வரும்போது நம் கண்ணைக் கலங்க வைத்துவிடுவான். சாப்ளின் சிறு வயதில் ஏழைகள் விடுதியில் இருந்தவர். அந்தத் துயரம்தான் படத்தில் தெரிகிறது.

அவரைப் போல நம்மிடமும் ஒருவர் இருந்தார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

1908 நவம்பர் 29-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தார். வீட்டில் வறுமை. படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், வில்லுப்பாட்டு பாடி, பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் நடிகரானார். மௌனப் பட நாயகனாக இருந்த ராஜா சாண்டோ இயக்கிய 'மேனகா' 1935-ல் வந்தது. அடுத்த வருடம் 'சதிலீலாவதி'. பிறகு டி.ஏ. மதுரத்துடன் ஜோடி சேர்ந்தார். மதுரம் வாழ்க்கையிலும் துணையானார். இருவரும் வந்தாலே கொட்டகை கலகலக்கும்.

புகழின் உச்சியில் இடி விழுந்தது. 1944 டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு இவரும் கைதானார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலையானார். இரண்டு வருடத்துக்கு மேல் சிறை. சேர்த்த பணம் வழக்கிலேயே கரைந்தது.

இந்த இடத்தில்தான் அவரை நான் கவனிக்கிறேன். வெளியே வந்தவர் கசப்போடு பேசவில்லை, மறுபடி சிரிக்க வைத்தார். அண்ணா கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி' 1949-ல் வந்தது. அதில் வரும் 'கிந்தனார்' காலட்சேபத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் படிக்க ஏங்குகிறான். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். வயிறு வலிக்கச் சிரித்த பிறகுதான் தீண்டாமையின் கொடுமை உறைக்கும்.

வங்கியில் வரவு செலவு பார்த்தே காலம் கழித்தவன் நான். கலைவாணரின் கணக்கை எந்தப் பேரேட்டிலும் சரிக்கட்ட முடியாது. வந்ததையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். கையில் குறைந்தபோதும் கொடுத்தார். 1957 ஆகஸ்ட் 30-ல் 48 வயதில் மறைந்தபோது பெரிய சேமிப்பு ஏதும் இல்லை. குடும்பத்துக்கும் கொஞ்சம் வைத்திருக்கலாமே என்று என் வங்கிப் புத்தி சொல்கிறது. ஆனாலும் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம் கை தானாகக் குவிகிறது.

இந்த விடுமுறையில் பேரப் பிள்ளைகளுக்கு 'தி கிட்' காட்டுங்கள். மறுநாள் 'நல்லதம்பி'யும் போட்டுக் காட்டுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே மௌனமானார்கள் என்று கவனியுங்கள். சாயங்காலம் நடைப்பயிற்சியில் சந்திக்கும்போது எனக்கும் சொல்லுங்கள்.