பீர் ஆலைக்கு லைசென்ஸ் தருவது மதுவிலக்குச் சட்டமா? ராஜாஜி 1937-ல் போட்ட கோட்டின் கதை

வீக்எண்ட் வந்தால் பெங்களூரில் வேலை பார்க்கும் தர்மபுரி, மொரப்பூர் பக்கத்துப் பசங்களுக்கு க்ராஃப்ட் ப்ரூவரி ஒன்றும் புதுசு இல்லை. பீர் பிரியர்கள் க்ளப்பாகவே சேர்ந்து போகிறார்கள். மால்ட் எப்படி ஊறுகிறது, ஹாப்ஸ் எப்போது சேர்க்கிறார்கள், ஈஸ்ட் என்ன வேலை செய்கிறது என்று டேங்க் பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டு, அங்கே காய்ச்சியதை அங்கேயே ருசி பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஓசூர் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கதையே வேற. கடை என்றால் டாஸ்மாக். இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டில் பீர் ஆலைக்கு உரிமம் தரும் விதிகள் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் போடப்பட்டிருக்கின்றன. ஆமாம், மதுவை ஒழிக்க வந்த அதே சட்டம்தான்! அதைக் கொண்டுவந்தவர் இதே மண்ணில் பிறந்த ராஜாஜி.

ஓசூர் பக்கத்துப் பையன்

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி பிறந்தது 1878 டிசம்பர் 10, ஓசூருக்கு அருகே உள்ள தொரப்பள்ளியில். அப்பா கிராம முன்சீப். அன்று ஓசூர், தர்மபுரி, மொரப்பூர் எல்லாமே ஒன்றாக இருந்த பெரிய சேலம் மாவட்டத்துக்குள் அடக்கம். தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ல்தான். மொரப்பூரில் இருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கு ஒரு காலத்தில் நேரோ கேஜ் ரயில்கூட ஓடியது.

ஓசூரில் பள்ளிப்படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், சென்னையில் சட்டம். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். பிராக்டிஸ் சூடு பிடித்தது. நகராட்சித் தலைவராகவும் ஆனார். 1919-ல் காந்தி சென்னை வந்தபோது தங்கியது ராஜாஜி வீட்டில். அதன் பிறகு வக்கீல் வருமானத்தை விட்டுவிட்டு ஒத்துழையாமை இயக்கம், வேலூர் சிறை என்று அவர் வாழ்க்கை திசை மாறியது.

ஆசிரமமும் ஒரு பத்திரிகையும்

1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர் ஒரு பக்கம், தீண்டாமை ஒழிப்பு ஒரு பக்கம், குடிக்கு எதிரான பிரச்சாரம் இன்னொரு பக்கம். கூலி வாங்கியவர் நேராகக் கள்ளுக்கடைக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதுதான் அவர் பார்த்த பிரச்சினை.

1929-ல் 'விமோசனம்' என்ற மாதப் பத்திரிகையை ஆரம்பித்தார். மதுவிலக்குக்காக மட்டுமே ஒரு பத்திரிகை! அதில் உடன் வேலை செய்தவர் யார் தெரியுமா? பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி. பத்திரிகை நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் ராஜாஜி அந்த எண்ணத்தை விடவில்லை.

ஏன் முதலில் சேலம்?

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள். மாகாணம் முழுக்க ஒரே நாளில் கடைகளை மூடினால் கஜானா தாங்காது. அதனால் ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். தேர்வானது சொந்த மாவட்டமான சேலம்.

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. மொரப்பூர் பகுதியும் அதற்குள்தான் இருந்தது. சட்டம் கள், சாராயத்தோடு நிற்கவில்லை. மது என்பதற்கு அது தந்த விளக்கத்தில் பீரும் ஒயினும் அடங்கும். அடுத்து சித்தூர், கடப்பா, வட ஆற்காடு மாவட்டங்களுக்கும் மதுவிலக்கு விரிந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கள் இறக்கிப் பிழைத்த மரமேறும் குடும்பங்களின் வேலை போனது. மறைவில் காய்ச்சும் கள்ளச்சாராயத்தைப் பிடிப்பது போலீஸுக்குத் தீராத தலைவலியானது.

கஜானா ஓட்டையை அடைத்த வரி

மது வருமானம் போனால் அரசு எப்படி நடக்கும்? 1939-ல் ராஜாஜி கொண்டுவந்த பதில், பொது விற்பனை வரி. இந்தியாவில் அப்படி ஒரு வரியை முதலில் போட்டது சென்னை மாகாணம்தான். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் மற்ற மாகாணங்களும் பிறகு அதே வழிக்கு வந்தன.

அதே 1939-ல், இந்தியர்களைக் கேட்காமலே நாட்டைப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து காங்கிரஸ் அரசுகள் பதவி விலகின, ராஜாஜியும் விலகினார். 1943-ல் ஆங்கிலேய நிர்வாகம் மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஓமந்தூரார் ஆட்சியில், 1948-ல் அது மாகாணம் முழுவதும் அமலானது. அந்த நேரத்தில் ராஜாஜி டெல்லியில், இந்தியாவின் கவர்னர் ஜெனரல்.

1952-ல் மீண்டும் முதல்வரானார். குலக்கல்வித் திட்டம் என்று விமர்சிக்கப்பட்ட பள்ளித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில், 1954-ல் பதவியை விட்டு இறங்கினார்.

92 வயதில் ஒரு கடைசி முயற்சி

1967-ல் ராஜாஜியின் சுதந்திரா கட்சி கூட்டணி சேர்ந்த திமுக ஆட்சியைப் பிடித்தது. அதே திமுக அரசுதான் 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தது. மாநில நிதி நெருக்கடி, மதுவிலக்கை நடத்தும் மாநிலத்துக்கு மத்திய அரசு ஈடு தரவில்லை என்பவை முதல்வர் கருணாநிதி முன்வைத்த காரணங்கள்.

அப்போது ராஜாஜிக்கு வயது 92. கடைகளைத் திறக்க வேண்டாம் என்று கேட்க, மழையில் கருணாநிதியின் வீட்டுக்கே போனார் என்பது இன்றும் சொல்லப்படும் சம்பவம். கோரிக்கை பலிக்கவில்லை. 1971 ஆகஸ்ட் 30 முதல் கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார்.

1974-ல் கருணாநிதியே கடைகளை மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

இப்போது மிச்சம் இருப்பது என்ன?

இரண்டு விஷயங்கள். ஒன்று, அந்த 1937 சட்டம். விதிவிலக்குகளும் உரிம விதிகளும் சேர்ந்து சேர்ந்து, இன்று மது வியாபாரமே அதன் கீழ்தான் நடக்கிறது. இன்னொன்று, விற்பனை வரி. ஜிஎஸ்டி வந்த பிறகும் மது அதற்குள் சேரவில்லை. விற்பனை வரியின் வாரிசான வாட், இன்றும் ஒவ்வொரு பீர் பாட்டில் மீதும் விழுகிறது. மது வருமானம் இல்லாமல் அரசு நடக்க வேண்டும் என்று ராஜாஜி கண்டுபிடித்த வழி, கடைசியில் மதுவிலேயே வருமானம் பார்க்கும் வழியாகிவிட்டது.